கல்குடாவுக்கு ஓர் ஒத்திகை

ஆவணியில் இருபத்து நான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது என்று நிலோஜன் போனில் சொன்னபோது, கஜானியின் மடியில் ஏழு மாத மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயது மகன் சஸ்மிதன் பால்மா டின்னான மாப்பேணியின் மூடியைத் திறந்துவிட்டிருந்தான். அவன் கைக்கு எட்டாதபடி அதைக் காலால் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே, சுவரில் சாய்த்து வைத்த போனில் தெரிந்த கணவனின் முகத்தைப் பார்த்து, "ஓம், ஓம்" என்றாள்.

நிலோஜன் கட்டாரில் ஒரு பெரிய கடைத்தொகுதியில் ஏசி திருத்துகிறவன். வெள்ளிக்கிழமைகளில்தான் அவனுக்கு ஓய்வு. அவன் பனிச்சங்கேணியிலிருந்து புறப்பட்டுப் பதின்மூன்று மாதமாகியிருந்தது. போகும்போது கஜானிக்கு மூன்று மாதம். மகள் தஸ்விகாவை அவன் போனில் பார்த்ததோடு சரி.

லீவைச் சொன்ன கையோடு அவன் திட்டத்தையும் சொன்னான். கொழும்புப் பக்கத்தில் ஒரு தீம் பார்க் இருக்கிறது. அறையில் கூட இருக்கும் களுதாவளைக்காரன் ரதீஸ் தன் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போன வீடியோவைக் காட்டினானாம். தண்ணீர்ச் சறுக்கு, ராட்டினம், ஆடும் கப்பல், ரயில் எல்லாம் இருக்கிறதாம். இரண்டு நாள், ஒரு இரவு. வாடகைக்கு ஓடும் சாலிஹ் நானாவின் வேனை எடுத்தால் நால்வரும் வசதியாகப் போய் வரலாம். மகனிடம் ஏற்கனவே சொல்லிவிட்டதாகவும் சொன்னான். மகன் அந்த நேரம் மாப்பேணிக்குள் கையை விட்டுவிட்டிருந்தான்.

நல்லது என்றுதான் கஜானி சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாகவும் இல்லை. அந்த நாள்களில் யார் எதைச் சொன்னாலும் நல்லது என்று சொல்லிவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

அவளுக்குத் தாய் இல்லை. மாமியார் களுதாவளையில் மூத்த மகளோடு இருந்தார். முழங்கால் வருத்தம், அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர ஏலாது. பக்கத்து வீட்டு அன்னப்பூரணி அக்கா விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவ. அந்த வேலை முடிந்தபின் எட்டு மணிக்கு வந்து, கஜானி குளித்துவிட்டு வரும்வரை பிள்ளையை வைத்திருப்பா. அந்தப் பத்து நிமிடம் போக, நாளின் மிச்சமெல்லாம் கஜானியுடையதுதான். மகள் இரவில் நாலு தரம் எழும்புவாள். அவள் படுத்தால் மகன் எழும்புவான். கஜானி துண்டு துண்டாகத்தான் நித்திரை கொண்டாள். ஒருநாள் தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டு, பாதிக் கோப்பை குடித்தபிறகுதான் அது தெரிந்தது. மீதியையும் குடித்துவிட்டாள். இன்னொரு தரம் ஊற்ற எழும்ப மனமில்லை.

அடுத்த வெள்ளியிலிருந்து திட்டம் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியது. நிலோஜன் வேலையில் கெட்டிக்காரன். எந்த இயந்திரத்தை எந்த நேரம் நிறுத்தி எந்த நேரம் திரும்ப ஓடவிட வேண்டும் என்று அட்டவணை எழுதிப் பழகியவன். இதையும் அப்படித்தான் எழுதினான். ஐந்து மணிக்குப் புறப்பாடு. எட்டு மணிக்கு ஹபரணை, காலைச் சாப்பாடு. பதினொன்றரைக்குக் குருநாகல். ஒன்றரைக்கு அறை. மறுநாள் பத்து மணிக்குப் பார்க் கதவு. ஐந்து பை, ஒவ்வொரு பைக்கும் ஒரு நம்பர், ஒவ்வொன்றிலும் என்னென்ன வைப்பது என்று ஒரு பட்டியல். பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. ஏழு மாதப் பிள்ளை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பசிக்கு அழும் என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை.

கஜானி முதலில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். மகன் வெளிச்சாப்பாடு தொடமாட்டான், சோறும் அவித்த முட்டையும்தான் என்றாள். அப்படியானால் இரண்டு நாளைக்கும் சமைத்துக் கட்டிக்கொண்டு வா என்று பதில் வந்தது. வேனில் ஏறினால் சத்தி எடுப்பான் என்றாள். புறப்பட முதல் குளிசை கொடு, எதற்கும் பொலித்தீன் பை வைத்துக்கொள் என்று வந்தது. இப்போதுதான் பம்பர்ஸை விட்டு, கக்காவுக்குச் சொல்லப் பழகுகிறான், பயணத்தில் அதெல்லாம் கெட்டுப்போகும் என்றாள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, அதற்குள் பழக்கிவிடு என்றான். எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் அது அவளுக்கே ஒரு வேலையாகத் திரும்பி வந்தது. ஆகவே அவள் சொல்வதை விட்டுவிட்டாள். பட்டியல் வந்தால் சரி என்ற பெருவிரல் படம் ஒன்றை அனுப்பினாள்.

கல்யாணத்துக்கு முதல் அவள் கட்டுநாயக்காவில் இரண்டு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள். ஒரு முறை கம்பனிப் பயணமாக அதே பார்க்குக்குப் போயிருக்கிறாள். அன்று அவளுக்கு இருபத்திரண்டு வயது. தோளில் ஒரு சின்னப் பை. ஆடும் கப்பலில் நாலு தரம் ஏறி, தொண்டை அடைக்கும்வரை கத்தினாள். இப்போது அந்த நாளை நினைத்தால் கப்பலைவிடக் கைகள்தான் ஞாபகம் வந்தன. பகல் முழுவதும் இரண்டு கையும் சும்மா இருந்தன.

அந்த இரண்டு வருடத்தில் கற்ற சிங்களம் இருந்தபடியால், ஒருநாள் பகல் பிள்ளைகள் இருவரும் ஒன்றாகக் கண்ணயர்ந்த அதிசயமான இருபது நிமிடத்தில், அவளே பார்க்குக்குக் கோல் எடுத்தாள். அங்கே பேசிய பெண் தன்மையாகப் பதில் சொன்னாள். மூன்றடிக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு குட்டி ரயிலும், கணுக்காலளவு தண்ணீர்த் தொட்டியும் மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் நாலடி உயரம் வேண்டும். கைக்குழந்தையைத் தண்ணீரில் விடமாட்டார்கள். குழந்தையோடு ஒருவர் வெளியே மர நிழலில் இருக்கலாம், கதிரை இருக்கிறது என்றாள்.

மகன் எழும்பியதும் அவனைக் கதவு நிலையோடு நிறுத்தி, பென்சிலால் கீறித் தையல் நாடாவால் அளந்தாள். இரண்டடி பத்தரை அங்குலம்.

அன்று பின்னேரம் இதைக் கணவனுக்குச் சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தாள். அதற்குள் அவனுடைய குரல் செய்தி ஒன்று வந்து கிடந்தது. அறையில் உள்ள எல்லாருக்கும் சொல்லிவிட்டானாம், அறையே கதைக்கிறதாம், மகன் கப்பலில் ஏறியதும் கஜானி கட்டாயம் வீடியோ எடுக்க வேண்டுமாம். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் வேறு பார்க் தேடுவான், அதற்கும் பட்டியல் வரும் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. எது பெரிய காரணம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நிலோஜன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கினான். ஓட்டமாவடி சாலிஹ் நானாதான் விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தார். மகள் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். அவளைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அவன் முற்றத்தில் நின்றபடியே அழுதான். சாலிஹ் நானா பெட்டிகளை இறக்குகிற சாட்டில் வேனுக்குப் பின்னால் போய்விட்டார்.

மகன்தான் வரவில்லை. தாயின் சட்டைக்குப் பின்னால் நின்றான். அப்பா வந்திருக்கிறார், போ என்று கஜானி சொன்னதும் அவனுக்கு விளங்கியது. உள்ளே ஓடினான். கட்டிலில் கிடந்த போனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா காட்டு" என்று அவளிடம் நீட்டினான். கஜானி நிலோஜனின் முகத்தைப் பார்க்கவில்லை. குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அதன்பின் ஐந்து நாளும் அப்படியே போயிற்று. நிலோஜன் கொண்டுவந்த விளையாட்டுக் காரை மகன் வாங்கினான், கொடுத்தவனிடம் போகவில்லை. கிட்ட வந்தால் தாயின் காலைக் கட்டிப் பிடித்தான். தூக்கினால் முதுகை வளைத்துக்கொண்டு கத்தினான். பார்க்குக்குப் போய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிலோஜன் திரும்பத் திரும்பச் சொன்னான். லீவின் மூன்றாவது வியாழக்கிழமையைக் குறித்து, சாலிஹ் நானாவுக்கும் சொல்லியாயிற்று. அன்னப்பூரணி அக்கா, போட்டோ எல்லாம் கொண்டுவந்து காட்ட வேணும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டா.

கஜானி ஐந்து பைகளையும் விறாந்தையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். எட்டு மணித்தியாலம் வேனில் போக வேண்டும். மகன் தகப்பனோடு இருக்கமாட்டான். அப்படியென்றால் இரண்டு பிள்ளையும் அவளுடைய மடியில்தான். அதை நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை; கால்கள்தான் கனத்தன. வேண்டாம் என்று சொல்லாமல் அவள் வேறொன்றைச் சொன்னாள். முதலில் கல்குடாக் கடற்கரைக்கு ஒரு தரம் போய்ப் பார்ப்போம். ஒரு மணித்தியாலப் பயணம்தான், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நிலோஜனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வேலையில் அதைத்தான் டெஸ்ட் ரன் என்று சொல்வார்களாம். உடனே அதற்கும் ஒரு பட்டியல் எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை, விடியலில் சுபஹு தொழுதுவிட்டு சாலிஹ் நானா வந்தார். ஐந்து பையையும் ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். மகனை நடு ஆசனத்தில் தகப்பனுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். வேன் பெரிய பாலத்தில் ஏறுவதற்கிடையில் அவன் ஆசனத்தின் மேலால் ஏறி, பின்னால் இருந்த தாயிடம் வந்து விழுந்தான். நிலோஜன் அவனைத் திரும்பத் தூக்கினான். அவன் போட்ட சத்தத்தில் மகளும் அழத் தொடங்கினாள். விடுங்க, விடுங்க என்றாள் கஜானி. இடது தொடையில் மகள், வலது தொடையில் மகன். வேனின் ஜன்னலுக்கு வெளியே வாவியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தோணிகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. நிலோஜன் அதைக் காட்டி மகனைக் கூப்பிட்டான். மகன் முகத்தைத் தாயின் கழுத்துக்குள் புதைத்திருந்தான்.

காயான்கேணி தாண்டியதும் மகன் சத்தி எடுத்தான். குளிசை கொடுத்திருந்தும் எடுத்தான். இடியப்பமும் சொதியும் கஜானியின் சட்டையிலும் மகளின் தலையிலும் விழுந்தன. சாலிஹ் நானா வேனைத் தெருவோரம் நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார். நிலோஜன் மாற்றுச் சட்டை தேடினான். ஐந்து பைக்கும் நம்பர் போட்டு, எது எதற்குள் என்று எழுதியவன் அவன்தான். ஆனால் மகளின் சட்டையை எடுக்க அவனுக்குப் போனைத் திறந்து பட்டியலைப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாவது பை என்று அவன் கண்டுபிடித்தபோது, கஜானி தன்னுடைய துவாயால் பிள்ளையைத் துடைத்து முடித்திருந்தாள்.

கல்குடாக் கடற்கரையில், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. மகளின் கண்ணில் மணல் விழுந்தது. மகன் கடலைக் கண்டு பயந்தான். அலை இரையும்போதெல்லாம் தாயின் மேல் ஏறினான். அரை மணித்தியாலத்தில் மகளுக்குப் பசி வந்துவிட்டது. கரையில் நாலைந்து குடும்பங்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தன. மறைவாக இருந்து பால் கொடுக்க ஓரிடமும் இல்லை. கஜானி வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தி, ஜன்னலில் துவாயைச் செருகினாள். மகனை நிலோஜனிடம் விட்டாள். மூடிய கதவில் மகன் இரண்டு கையாலும் அடித்தான். அவனை அங்கிருந்து தூக்கிக்கொண்டு நிலோஜன் கடற்கரைப் பக்கம் நடந்தான். கத்தல் மெதுவாகத் தூரமாகிப் போனது.

வேனுக்குள் சூடு. மகள் சீராகப் பால் குடித்தாள். வெகுநாளைக்குப் பிறகு மகன் பக்கத்தில் இல்லை. கஜானி தலையை ஆசனத்தில் சாய்த்தாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. மடி காலியாக இருந்தது. இரண்டு ஆசனத்துக்கும் நடுவே, துணிப் பையின் மேல் மகள் மல்லாந்து கிடந்தாள். ஒரு கணம் மூச்சே விடாமல் தாயைப் பார்த்தாள். பிறகு வீறிட்டாள். அதே நேரம் வேன் கதவு திறந்தது. நிலோஜன் வாசலில் நின்றான். மகனைத் தோளில் போட்டிருந்தான். அவனுடைய கையில் மகன் கடித்த அடையாளம் சிவப்பாக இருந்தது. நடந்ததை அவன் கண்டுவிட்டான்.

கஜானி மகளை வாரி எடுத்தாள். தலையைத் தடவினாள், கை கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பை மெத்தென்று இருந்ததால் பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. மார்பில் போட்டதும் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பப் பால் குடித்தாள். கஜானி அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நித்திரையாப் போயிட்டன்," என்றாள்.

நிலோஜன் மகனை இறக்கிவிட்டான். மகன் தாயிடம் ஏறி அவளுடைய முதுகில் ஒட்டிக்கொண்டான். சாலிஹ் நானா தூரத்தில் ஒரு மரத்தடியில் இவர்கள் பக்கம் திரும்பாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ராத்திரி நித்திர கொள்ளல்லயா நீ?" என்று கேட்டான் நிலோஜன்.

"எந்த ராத்திரி?"

அவனுக்கு விளங்கவில்லை என்று அவள் கண்டாள். இந்த ஐந்து இரவும் அவன் பயணக் களைப்பில் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கியவன்.

"நீ ஒண்டும் சொல்லல்லயே, கஜா."

"சொன்னன்." அவளுடைய குரல் ஏறவில்லை. ஏற்றப் பலமும் இல்லை. "சாப்பாடு ஒத்து வராது எண்டன். சமைச்சிக் கொண்டு வா எண்டீங்க. சத்தி எடுப்பான் எண்டன். குளிச குடு எண்டீங்க. நான் சொன்னதெல்லாம் எனக்குத்தான் வேலயா வந்திச்சி. அதால விட்டுட்டன்."

அவளுக்கு இனி நிறுத்தவும் தெரியவில்லை. பார்க்குக்குக் கோல் எடுத்துக் கேட்டதையும் சொன்னாள். உள்ளே போனாலும் மகனுக்கு இரண்டே இரண்டு விளையாட்டுத்தான். கப்பலில் ஏற நாலடி வேண்டும். மகளோடு தான் வெளியில் மரத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

"எப்ப கேட்டாய்?"

"நீங்க வாறதுக்கு முந்தி."

அவன் வேனின் படியில் இருந்தான். கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அங்க கூட்டிப் போனா அவன் என்னட்ட வருவான் எண்டு நெனச்சன். வேற எப்படி எண்டு எனக்குத் தெரியல்ல."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவமும் அவளுக்கு உடனே வரவில்லை; எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல மெதுவாக வந்தது. மகள் பால் குடித்து முடித்ததும் அவளைத் தோளில் போட்டுத் தட்டினாள். வீட்டுக்குப் போவோம் என்றாள்.

திரும்பும் வழியில் மகன் இன்னொரு தரம் சத்தி எடுத்தான். இந்த முறை நிலோஜனே பொலித்தீன் பையைப் பிடித்தான். பாதிதான் அதற்குள் விழுந்தது. வீட்டில் இறங்கியதும், வியாழக்கிழமைப் பயணம் வேண்டாம் என்று சாலிஹ் நானாவிடம் சொன்னான். அவர் கோபப்படவில்லை. "புள்ளையள் வளரட்டும், தங்கச்சி. பார்க் எங்கயும் ஓடிப் போகாது," என்று கஜானியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு வாளி தண்ணீர் வாங்கி வேனைக் கழுவினார். பயணம் இல்லை என்று காதால் கேட்டபோது கஜானியின் உடம்பெல்லாம் இளகியது. அவ்வளவு சந்தோஷப்பட்டதற்காக வெட்கமும் வந்தது.

அன்று பின்னேரம், ஐந்து பையையும் அவிழ்த்துத் துணிகளை அலுமாரிக்குள் வைக்கும்போது, மிச்ச நாளில் உனக்கு என்ன வேணும் என்று நிலோஜன் கேட்டான். பட்டியல் எழுதுகிறவனுடைய கேள்வியாக அது இருக்கவில்லை. போன் மேசையில் கிடந்தது.

"எனக்கு நித்திர வேணும்," என்றாள் கஜானி.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவன் அவளை அறைக்குள் போய்ப் படுக்கச் சொன்னான். மகளுக்குப் பால் கொடுத்தாயிற்று. மசித்த சோறு எங்கே, மகனின் முட்டை எங்கே, கக்கா என்றால் எந்த மூலைக்கு ஓடுவான் என்றெல்லாம் அவள் ஒருமுறை காட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

படுத்ததும் மகன் தொடங்கினான். "அம்மா" என்று கதவுக்கு வெளியே கத்தினான். கதவைக் காலால் உதைத்தான். நிலோஜனின் குரல் இடையில் கேட்டது. என்ன சொல்கிறான் என்று விளங்கவில்லை. கஜானி ஒரு தரம் எழும்பி வந்து கதவில் கை வைத்தாள். திறந்தால் அத்தோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கும் இதேதான், அதற்கடுத்த நாளும் இதேதான். திறக்காமல் நிற்பதும் அவளால் ஏலாதுபோல இருந்தது. இருந்த எல்லா வேலையிலும் அதுதான் பாரமான வேலை. கையை எடுத்துவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்து, தலையணையைக் காதில் வைத்து அழுத்தினாள். நாற்பது நிமிடம் அழுதான். அன்று அவள் ஒரு கண் நித்திரை கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் அரை மணித்தியாலம். அதன்பின் நிலோஜன் மகளைத் தோளில் போட்டு, மகனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வாவிக்கரைப் பக்கம் போய்விட்டான். சத்தம் இல்லாத வீட்டில் கஜானி கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். அவர்கள் தண்ணீருக்குக் கிட்டப் போவார்களா, தொப்பி போட்டானா என்று யோசித்தாள். போய் வந்தபோது மகனின் ஒரு செருப்பு இல்லை. அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான், ஆனால் அழவில்லை.

மூன்றாம் நாள் அவள் எப்போது உறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. விழித்தபோது சட்டை பாலில் நனைந்திருந்தது. ஜன்னல் வெயில் கட்டிலை விட்டு இறங்கிச் சுவருக்குப் போயிருந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

விறாந்தையில் பழைய மேசை மின்விசிறி கழற்றப்பட்டுக் கிடந்தது. நிலோஜன் சப்பாணி கட்டி இருந்தான். கூரை வளையில் கட்டிய ஏணைத் தொட்டிலில் மகள் உறங்கினாள். ஏணைக் கயிற்றின் மறுநுனி அவனுடைய கால் பெருவிரலில் இருந்தது. அவன் காலை ஆட்ட ஆட்ட ஏணையும் ஆடியது. எதிரே மகன், சட்டையில்லாமல், கையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு குந்தியிருந்தான். நிலோஜன் திருகாணியைக் கழற்றிக் கொடுக்க, ஒவ்வொன்றாக வாங்கி ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். தாயை நிமிர்ந்து பார்த்தான். எழும்பி ஓடி வரவில்லை. வேலை முடியவில்லை என்பதுபோலத் திரும்பக் கையை நீட்டினான்.

கஜானி குசினிக்குள் போனாள். சோறு அடிப்பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. நிலத்தில் முட்டைக்கோதும் சிந்திய பாலும், அதில் எறும்பும். இதையெல்லாம் யார் துடைப்பது என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. பிறகு பசி தெரிந்தது. பானையின் மேல்பக்கம் கருகாத சோற்றைப் போட்டு, நின்றபடியே தின்றாள். கூட்டுகிற தும்புத்தடியை எடுக்கவில்லை.

எல்லா நாளும் அப்படி நல்லதாக இருக்கவில்லை. ஒருநாள் நிலோஜன் மகனை அதட்டிவிட்டான். மகன் ஒரு முழுப்பகலும் அவனிடம் போகவில்லை. இன்னொரு நாள் மகளுக்குக் காய்ச்சல். வாகரை ஆசுபத்திரிக்குக் கொண்டு போய் வந்தார்கள். கழற்றிய மின்விசிறி திரும்ப ஓடவேயில்லை. ஏன் பயணம் போகவில்லை என்று அன்னப்பூரணி அக்கா கேட்டபோது, மகனுக்கு உயரம் காணாதாம் அக்கா என்று நிலோஜன் சொன்னான். அறையில் ரதீசுக்கும் அதையே எழுதியிருந்தான். ஆனாலும் ஒவ்வொரு காலையும் கஜானிக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தது. அவளுடைய கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பு அப்படியே இருந்தது. தேத்தண்ணிக்கு மட்டும் சீனி சரியாகப் போட்டாள்.

லீவு முடிந்து நிலோஜன் போகிற காலை, சாலிஹ் நானா ஏழு மணிக்கே வந்துவிட்டார். பெட்டியை ஏற்றும்போது மகன் முற்றத்தில் நின்று பார்த்தான். ஒருவரும் கவனிக்காத நேரத்தில் உள்ளே போய், மிஞ்சியிருந்த ஒற்றைச் செருப்பையும் வேறொரு செருப்பையும் காலில் மாட்டிக்கொண்டு வந்தான். வேனின் படியில் கையூன்றி ஏறி, நடு ஆசனத்தில், தகப்பன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் இருந்தான். கையை மடியில் வைத்துக்கொண்டான். வேன் புறப்படட்டும் என்று காத்திருந்தான்.

நிலோஜன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றான். இறக்குகிற வேலை கஜானிக்குத்தான் வந்தது. ஒரு இடுப்பில் மகளை வைத்துக்கொண்டு மறு கையால் அவனைத் தூக்கினாள். அவன் ஆசனத்தை இறுக்கிப் பிடித்தான். விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. வேன் தெருவில் ஏறித் திரும்பும்வரை அவன் அவளுடைய தோளில் கிடந்து உதைத்தான். "அப்பா" என்றுதான் கத்தினான்.

போன வருடம் அவன் இப்படி அழவில்லை. அப்போது அவனுக்குத் தகப்பனை இவ்வளவு தெரியாது. இனி இதையும் தான்தான் ஆற்ற வேண்டும் என்று கஜானிக்குத் தெரிந்தது. எத்தனை நாளைக்கு என்றும் சொல்ல முடியாது. அன்னப்பூரணி அக்கா வேலியைத் தாண்டி வந்து மகளை வாங்கிக்கொண்டா. கஜானி மகனோடு விறாந்தையில் இருந்தாள். அவனுடைய முதுகைத் தடவினாள். பத்து மணிபோல விம்மி விம்மி ஓய்ந்து, வியர்வையோடு அவளுடைய நெஞ்சிலேயே உறங்கிப்போனான்.

போனில் ஒரு குரல் செய்தி வந்தது. சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்துக் கேட்டாள். வேன் ஓடும் இரைச்சலுக்கு நடுவே நிலோஜனின் குரல் கரகரத்தது. "சஸ்மி அழுறத நிப்பாட்டினானா? நீ என்னவும் சாப்பிட்டியா?"

அவள் பெருவிரல் படம் அனுப்பவில்லை. ஒரு கையால் மெதுவாக எழுதினாள்: 'இப்பதான் படுத்தான். நான் இன்னும் இல்ல. கை விறைச்சிப் போச்சு.'

பிறகு மகனை எழுப்பாமல் எப்படி எழும்புவது என்று யோசித்தாள். மகளுக்குப் பசிக்கும் நேரம் வந்துகொண்டிருந்தது. அரிசி இன்னும் கழுவவில்லை.